வரிக்கு முப்பத்தாறு எழுத்து

வரிக்கு முப்பத்தாறு எழுத்து, இரண்டு வரி,
மூன்று விநாடி. அதற்குமேல் சிங்களம்
திரையில் நிற்காது என்றார் பெனடிக்ற்.
சம்பளம் வசனக் கணக்கு.
வெள்ளவத்தையில்,
கரையோர றெயில் போகும்போதெல்லாம் மேசை அதிரும் அறையில்,
ஹெட்போனும் பிளேன்ரீயுமாக
நொச்சிப் பறந்தலைப் போரைச்
சிங்களத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

பாட்டை எனக்குத் தெரியும்.
பாதி விரும்பிப் பாடமாக்கியது, மீதி சோதனைக்குப் பயந்து.
மாவேள் களத்துக்குள் நுழைய
அதில் அரை அடி போதும்:
வந்தான்; மண் வழிவிட்டது.
படத்தில் அவன் வந்துசேர நாலரை நிமிடம்.
முதலில் செருப்பு. பிறகு தூசி. பிறகு தொடை.
முகம் வருவதற்குள் பிளேன்ரீ ஆறிவிட்டது.
வந்தவன் பேசினான், பேசினான்:
தாய்மண், மானம், குருதி, மறுபடி மானம்.
பாட்டில் அவன் பேசுவது மொத்தம் ஐந்து சொல்.
அதிலும் இரண்டு குதிரையிடம்.

வெட்டினேன்.
முப்பத்தாறு எழுத்துக்குள்
மானத்துக்கு ஒருதடவைதான் இடம்.
வெட்ட வெட்ட அவன் வாய்க்குள்
பழைய புலவன் திரும்பி வரத் தொடங்கினான்,
சிங்களம் பேசிக்கொண்டு.

பாட்டும் கணக்கில் யோக்கியமில்லை, சொல்லத்தான் வேணும்.
ஏழாயிரம் யானை என்கிறது;
யார் தீனி போட்டார்கள் என்று சொல்லவில்லை.
படத்தில் நாலு. மீதியைக் கணினி ஈன்றது.
போர் முடிந்த மழையில்
ஆளில்லாத குதிரையொன்று சேணத்தை உதறப் பார்க்கும்,
இன்னொருமுறை பார்க்கும், பிறகு நின்றுவிடும்.
இது பாட்டில் இல்லை.
புலவன் கண்டிருந்தால்
தன் ஏடு ஒன்றைத் தானே நறுக்கியிருப்பான்.
பெண்களுக்கு அவன் கொடுத்தது கழன்ற வளையல் மட்டும்.
படம் ஒருத்திக்கு முகம் கொடுத்தது,
கொடுத்த கையோடு ஒரு நடனமும்.

ஆனால் முரசுக்காரனைக் காணவில்லை.

கடைசி இரவில், பிணங்களுக்கு நடுவே
உயிரோடு உட்கார்ந்திருப்பான் எதிரிப்படையின் முரசுக்காரன்.
மாவேளின் மிச்ச மூன்று சொல்லும் அவனுக்குத்தான்:
யாருடையது இந்த முரசு?
அவன் சொல்வான்:
தோல் உங்கள் மாடு. மரம் எங்கள் காடு.
சத்தம் யாருடையதென்று தெரியவில்லை.
அங்கே முடிகிறது பாட்டு,
அரசனுக்கு ஒரு வாழ்த்துக்கூட இல்லாமல்.

படத்தில் அந்த இடத்தில்
முந்நூறு முரசு, பதினொரு நிமிடம்.
வசனத்தாளில் 'பேச்சு இல்லை' என்றிருந்தது.
எனக்கு அங்கே வேலையில்லை. காசுமில்லை.

விடியப்புறம் இரண்டு மணிக்கு
அவன் பதிலை எழுதி அந்த முழக்கத்துக்குக் கீழே வைத்தேன்.
இரண்டாம் வரியில்
ஒரேயொரு எழுத்துக்கு இடம் மிஞ்சியது.

காலையில் சந்திமா எடுத்தாள்,
என் சிங்களத்தைத் திருத்துகிறவள்.
"இதைச் சொல்றது யார்? ஒருத்தரும் வாய் திறக்கேல்லையே."
"முரசு," என்றேன்.
அவள் பக்கம் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.
"முற்றுப்புள்ளி விட்டிட்டீர்," என்றாள். "போட்டுவிடுறன்."

மருதானைத் தியேட்டரில் ஞாயிறு, ஆறரைக் காட்சி.
எங்கடை பெடியள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்;
தமிழ் காதில் விழுகிறவர்களுக்குக்
கண்ணைக் கீழே இறக்க என்ன தேவை.
எனக்கு முன்வரிசையில் ஒருவர்,
ஊன்றுகோலைப் பக்கத்து இருக்கையில் கிடத்தியிருந்தவர்,
சட்டென்று நிமிர்ந்தார்.
மற்றப் பக்கம் இருந்த மனைவியைத் தொட்டுச்
சிங்களத்தில் கேட்டார்: "யார் சொன்னது அதை?"

பொப்கோனிலிருந்து கையை எடுத்து
"எதை?" என்றாள் அவள்.

அதற்குள் மூன்று விநாடி முடிந்திருந்தது.